திருநங்கையருக்கான மருத்துவச் செயலி ஆய்வு நம் பகுதிக்கு வருகிறது: சம்மதிக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

பாலாற்றங்கரை மகள் (இழையைத் தொடங்கியவர்)

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில் எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணி செய்துவரும் திருநங்கை நான். ஆய்வுக் குழு ஒன்று திருநங்கையருக்கென்றே உருவாக்கிய கைப்பேசிச் செயலியை இங்கே சோதித்துப் பார்க்க விரும்புவதாகவும், அதற்குப் பங்கேற்பாளர்களைச் சேர்த்துத் தர வேண்டும் என்றும் என்னை அணுகியிருக்கிறது. மாத்திரை வேளையை நினைவூட்டுவது, ஹார்மோன் பரிசோதனை முடிவுகளைச் சேமித்து வைப்பது, வாரந்தோறும் மனநிலை பற்றிச் சில கேள்விகள் கேட்பது, மருத்துவருடன் காணொளியில் பேச ஏற்பாடு செய்வது ஆகியவை அச்செயலியின் வேலைகள். பங்கேற்பவர்களுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்து தருவதாகவும் சொல்கிறார்கள்.

எதிர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. குடியாத்தத்திலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ ஒரு மகள், அதாவது எங்கள் இளைய திருநங்கை ஒருத்தி, ஹார்மோன் ஆலோசனைக்காகச் சென்னைக்குப் போய்வந்தால், பயணச் செலவோடு அன்றைக்குக் கடை கடையாகக் காசு கேட்டு வரும் வருமானமும் போய்விடுகிறது. அந்தப் பயணங்களில் பாதியைக் கைப்பேசி குறைத்தாலே பெரிய உதவி.

ஆனால் வினாத்தாளுடன் வருபவர்களை எங்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது பெயர், வயது, தொழில், உறவுகளின் எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறவர்களில், முடிவு என்ன ஆயிற்று என்று சொல்லத் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. அந்தத் தாள்கள் எங்கோ ஒரு பீரோவில் கிடக்கும் என்று இதுவரை ஆறுதல் சொல்லிக்கொண்டோம். செயலியில் தட்டச்சு செய்த பதிலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவம், கணினி, சட்டம் அறிந்தவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள். சம்மதிக்கும் முன் நாங்கள் எவற்றைக் கேட்க வேண்டும்?

ஆற்காட்டு மருத்துவர்

அம்மா, முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அச்சம் மட்டும் பேசி இந்த இழை முடிந்துவிடக் கூடாது. என்னிடம் வருபவர்களில் பலர் மருத்துவரைப் பார்க்காமலேயே மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி ஹார்மோனுக்காக உட்கொள்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்னும் செயற்கைப் பெண் ஹார்மோன் இரத்தக்குழாயில் உறைகட்டி உண்டாகும் ஆபத்தைக் கூட்டுவது. அதனால்தான் திருநங்கையர் சிகிச்சையில் அதைத் தவிர்க்கும்படி வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. வழக்கமான எஸ்ட்ராடையால் இரத்தப் பரிசோதனை அதை அளந்தும் காட்டாது. ஆகவே ஒருவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்காமல் எண்ணை மட்டும் வாங்கிச் சேமிக்கும் செயலி, பொய்யான நிம்மதியைத்தான் தரும்.

ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சிகிச்சையின் முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் கண்காணிக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிக்கோகிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் பார்த்தாக வேண்டும், ஏனெனில் அது ஓசையில்லாமல் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். இந்தத் தேதிகளை நினைவூட்டவும், பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டவும் கைப்பேசியைவிட எளிய கருவி இல்லை.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: பொட்டாசியம் கூடியிருப்பதாகச் செயலிக்குத் தெரிந்தால், அன்றைக்கே அதைப் பார்த்துக் கூப்பிடப்போகும் மருத்துவர் யார்? அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தச் செயலியை மருத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வெறும் கணக்கெடுப்பு.

காட்பாடி நிரலர்

மருத்துவமனை மென்பொருள் எழுதுவது என் தொழில். மருத்துவர் சொன்னதற்கு ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கிறேன். செயலியின் முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் அடியில் பாலினம் என்றொரு கட்டம் இருக்கும். சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

மருத்துவப் பதிவுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் பின்பற்றும் எஃப்.எச்.ஐ.ஆர். என்னும் தரவு வடிவத்தில் நிர்வாகப் பாலினத்துக்கு நான்கு மதிப்புகளே உண்டு: ஆண், பெண், மற்றவை, தெரியவில்லை. திருநங்கை ஒருவர் "மற்றவை" என்று பதிந்தால், அந்தச் சொல்லிலிருந்து அவர் உடலைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் விளங்காது. "பெண்" என்று பதிந்தால் அவருடைய அடையாளம் மதிக்கப்படுகிறது. ஆனால் பிராஸ்டேட் பரிசோதனையைப் பட்டியலிலேயே காட்டாமல் மறைக்கும் மென்பொருள்கள் உண்டு. பால்மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பிராஸ்டேட் சுரப்பி உடலிலேயே இருக்கிறது என்பதை அந்த நிரலை எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். "ஆண்" என்று பதிந்தால் ஹீமோகுளோபின் 12.5 என்று வரும்போது இரத்தசோகை என்று சிவப்பில் எழுதும், ஏனெனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. ஹார்மோன் எடுக்கும் திருநங்கைக்கு ஹீமோகுளோபின் குறைந்து பெண்களுக்குரிய அளவை ஒட்டி நிற்பது எதிர்பார்த்ததே. சிறுநீரகத்தின் செயல்திறனைக் கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடும் சூத்திரமும் இப்படித்தான்: அதே கிரியேட்டினினுக்கு ஆண் என்றால் ஒரு விடை, பெண் என்றால் வேறொரு விடை.

ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதுதான் கோளாறு. பிறப்பில் பதியப்பட்ட பாலினம் என்ன, இப்போது தம்மை எப்படி அடையாளப்படுத்துகிறார் என்று இரண்டு கேள்வியாகக் கேட்கும் முறை ஆய்வுலகில் பழகிவிட்டது. அதற்கும் மேலே, எந்த உறுப்பு இருக்கிறது, எது அகற்றப்பட்டது என்று தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. உங்களை அணுகிய குழு இந்தக் கட்டத்தை எப்படி அமைத்திருக்கிறது என்று திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அவர்கள் யோசித்திருக்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆம்பூர் நானி

என் மகள் தட்டச்சு செய்ய, நான் சொல்கிறேன். நிரலர் தம்பி அறிவோடு பேசுகிறார். ஆனால் "எந்த உறுப்பு இருக்கிறது" என்ற பட்டியலைக் கைப்பேசிக்குள் வைப்பது என்றதும் எனக்கு உடல் கூசுகிறது. நிர்வாணம் (உறுப்பு நீக்கும் அறுவை) ஆனவளா, ஆகாதவளா என்று எங்களைக் கேலி செய்தவர்கள், சந்தேகக் கேஸ் என்று நிறுத்திக் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லி முடியாது. மருத்துவரிடம் சொல்வதற்கு வெட்கம் இல்லை. பட்டியல் என் பையில் கிடக்கும் கருவிக்குள் ஏன் இருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய கைப்பேசியை மற்றவர் எடுப்பது பெரிய விஷயமாகவே தெரியாது. ஒருத்தி மாத்திரை எடுக்கிறாள் என்பதை இன்னொருத்தி அறியக் கூடாத வீடு அது. காணொளியில் மருத்துவர் வந்து கேள்வி கேட்டால் அவள் எந்த அறைக்குள் போய்ப் பேசுவாள்?

காட்பாடி நிரலர்

நானி சொல்வது சரி. உறுப்புப் பட்டியல் மருத்துவமனையின் பதிவேட்டில், சிகிச்சை தரும் மருத்துவர் மட்டும் திறக்கும் பக்கத்தில் இருக்க வேண்டுமே தவிர, செயலியில் இறங்கக் கூடாது. கைப்பேசியில் இருப்பது அடுத்த பரிசோதனைத் தேதியும், அழைக்க வேண்டிய எண்ணும் போதும். செயலியின் பெயரும் சின்னமும்கூட எதையும் காட்டிக்கொடுக்காதபடி இருக்கலாம், பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் "உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரை நேரம்" என்று எச்.ஐ.வி. மருந்தின் பெயர் வருவதற்குப் பதிலாக, அவரவர் தாமே எழுதிக்கொண்ட ஒரு சொல் வரும்படி அமைப்பது கடினமே அல்ல.

ஆய்வு மாணவி

வணக்கம். சமூக மருத்துவத்தில் ஆய்வு செய்கிறேன். இழையில் பேசப்படும் குழுவுக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் போய்விடக் கூடாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை பயன் தருகிறது என்று 2010-இல் நிறுவிய ஐபிரெக்ஸ் என்னும் ஆய்வில் 6 நாடுகளைச் சேர்ந்த 2,499 பேர் பங்கேற்றார்கள். தொற்று 44 விழுக்காடு குறைந்தது என்று அறிவித்தார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்ற தலைப்பின் கீழேயே திருநங்கையரும் அதில் கலந்திருந்தார்கள். 2015-இல் அதே தரவைத் திரும்ப அலசியபோது 339 பேரைத் திருநங்கையராகப் பிரித்தெடுக்க முடிந்தது. அவர்களுக்குள் மாத்திரை பெற்றவர்களில் 11 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. அதாவது பயனே தென்படவில்லை. ஆனால் மாத்திரைக் குழுவில் தொற்று கண்டவர்களின் இரத்தத்தில், அந்தத் தொற்று தெரிந்த வேளையில், மருந்தே காணப்படவில்லை. மருந்து தோற்கவில்லை, மருந்து அவர்கள் உடலுக்குள் போகவில்லை. ஏன் போகவில்லை, ஹார்மோன் பாதிக்கப்படும் என்று அஞ்சினார்களா, மருத்துவமனையில் நடத்தப்பட்ட விதம் பிடிக்கவில்லையா என்று கேட்கும் ஆய்வுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. தனியாக எண்ணாமல் விட்டதால் ஐந்து ஆண்டுகள் வீணாயின.

கைப்பேசி வழி ஆய்வுக்கும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் தொடங்கிய லைட் என்னும் ஆய்வு, ஆறு பெருநகரங்களில் நேரடியாகவும், வேறு பல நகரங்களில் இருந்தவர்களை இணையம் வழியாகவும் சேர்த்தது. இணையப் பிரிவில் இருந்தவர்களுக்குப் பரிசோதனைக் கருவி அஞ்சலில் வீட்டுக்கே போனது. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இன்னொரு முயற்சியில் எச்.ஐ.வி. உள்ள இளம் திருநங்கையருக்கு நாளுக்கு 3 குறுஞ்செய்தி வீதம் 90 நாள்களுக்கு 270 செய்திகள் அனுப்பினார்கள். அவற்றைத் திருநங்கையரின் வாழ்க்கையை மனத்தில் வைத்தே எழுதியிருந்தார்கள்.

இங்கே ஒரு கசப்பான கேள்வியையும் வைக்கிறேன், அக்கா கோபிக்கக் கூடாது. உங்கள் வழியாகவும் மூத்த குருமாரான நானிமார் வழியாகவும் ஆள் சேர்ப்பதே சரியா? குரு ஒருவர் "போய்க் கையெழுத்துப் போடு" என்று சொன்னால், மறுக்கக்கூடிய மகள் எத்தனை பேர்? அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

பாலாற்றங்கரை மகள்

கோபம் இல்லை, அந்தக் கேள்வி என்னையும் உறுத்துவதே. ஆனால் மாற்று வழி என்ன என்பதையும் பாருங்கள். எங்கள் சமூகக் கூட்டமைப்பான ஜமாத்துக்குத் தெரியாமல் ஒருவர் வந்து மகள்களைத் தனித்தனியாகச் சேர்த்தால், அவர் மோசடிக்காரரா ஆய்வாளரா என்று கண்டறிய எங்களுக்கு வழி இல்லை. இணையத்தில் விளம்பரம் போட்டுச் சேர்த்தால் ஸ்மார்ட்போனும் எழுத்தறிவும் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். பேர்ணாம்பட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் ஐம்பது வயது அக்கா கணக்கிலேயே வர மாட்டார். லைட் ஆய்வு போல அஞ்சலில் கருவி அனுப்பினால், எங்கள் ஊரில் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பிரிப்பவர் வீட்டு உரிமையாளராக இருக்கும்.

ஆம்பூர் நானி

மாணவி கேட்டதற்கு நானே பதில் சொல்கிறேன். நான் சொன்னால் என் மகள்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்பது உண்மை. ஆகவே நான் சொல்ல மாட்டேன். "இப்படி ஒருவர் வந்திருக்கிறார், அவரை எனக்குத் தெரியும், பேசிப் பாருங்கள்" என்பது வரைதான் என் வேலை. யார் சேர்ந்தாள், யார் சேரவில்லை என்பதை ஆய்வுக் குழு எனக்குச் சொல்லவே கூடாது. ரீசார்ஜும் என் கைக்கு வரக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கும், அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஆய்வு மாணவி

நானி, நீங்கள் சொன்னதை ஒரு நெறிமுறைக் குழுவின் உறுப்பினர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். அறிமுகம் செய்பவர் வேறு, சம்மதம் பெறுபவர் வேறு, பட்டியல் வைத்திருப்பவர் வேறு என்று பிரிப்பதுதான் வழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் பாலினச் சிறுபான்மையினரை எளிதில் பாதிக்கப்படக்கூடியோரின் வரிசையில் வைக்கின்றன. ஆகவே ஆய்வுக் குழு கூடுதல் கவனம் காட்டியே ஆக வேண்டும். எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது, அதன் உறுப்பினர் செயலரை எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம் தமிழில் எழுதிய தகவல் தாளில் இருக்க வேண்டும். நடுவில் விலகினால் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும்.

சத்துவாச்சாரி வழக்குரைஞர்

சட்டப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். சட்டம் உங்களை முழுதாகக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையோடு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. நிலை குறித்த தகவலுக்கு வலுவான காப்பு உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும், ஒருவரின் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அத்தகைய தகவலை வைத்திருக்கும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒருவர் திருநங்கை என்ற தகவலுக்கும், ஹார்மோன் அளவுக்கும், மனநிலை பற்றிய பதில்களுக்கும் அவ்வளவு குறிப்பான காப்பு இல்லை. 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளையும் பாலியல் நாட்டத்தையும் நுண்ணிய தரவு என்று தனியாகப் பிரித்தன. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித் தனி வகையே கிடையாது. அந்தப் புதிய சட்டம், வரையறுத்த தரநிலைகளைப் பின்பற்றினால் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு அளிக்கிறது. அந்தத் தரவை வைத்துத் தனி நபர் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆக, ஆய்வு என்று சொல்லிவிட்டால் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. அதனால் சட்டத்தில் இல்லாததை ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

கசிவு கற்பனை அல்ல. கிரைண்டர் என்னும் சந்திப்புச் செயலி, பயனர்கள் தாமாகப் பதிந்த எச்.ஐ.வி. நிலையை வேறு இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தது 2018-இல் வெளியானது. அங்கே திருடர் யாரும் நுழையவில்லை. செயலி எப்படி இயங்குகிறது என்று அளக்க அவர்கள் வைத்திருந்த வழக்கமான ஏற்பாடே அதைச் செய்தது. சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக 2019 சனவரியில் அந்நாட்டு அரசே அறிவித்தது. நிரலர் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இந்தச் செயலிக்குள் பிற நிறுவனங்களின் அளவைக் கருவி எதுவும் இல்லை என்று எப்படி உறுதிசெய்வது?

காட்பாடி நிரலர்

செயலியின் கோப்பைக் கொடுத்தால் அதற்குள் எந்தெந்தப் புறநிரல்கள் இருக்கின்றன என்று நானே பார்த்துச் சொல்கிறேன். இலவசக் கருவிகளே போதும். தர மறுத்தால் அதுவே விடை.

அடையாள எண் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கைப் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் தொடங்கித் தருகிறோம் என்று குழு சொல்லக்கூடும். அது கட்டாயம் அல்ல. ஆதார் வழியாகத் தொடங்கினால் ஒரு முறைக் கடவுச்சொல் ஆதாருடன் இணைத்த எண்ணுக்குப் போகும். வீட்டை விட்டு வந்த பலருக்கு அந்த எண் இன்னமும் அப்பாவின் கைப்பேசியில் இருக்கிறது. ஆதாரில் உள்ள பழைய பெயரும் பாலினமும் அப்படியே ஆபாவுக்குள் வந்து, அங்கிருந்து ஒவ்வொரு மருத்துவச் சீட்டிலும் ஏறும்.

பாலாற்றங்கரை மகள்

இது நடைமுறையில் நாங்கள் தினமும் பார்ப்பது. மருத்துவமனைச் சீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் குடும்பத் தலைவரின் கீழ் ஒரு பெயர். காத்திருப்போர் கூடத்தில் ஒலிபெருக்கி பழைய பெயரைக் கூப்பிட, எழுந்து போகாமல் உட்கார்ந்தபடியே வீடு திரும்பியவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழை வைத்து ஆதாரைத் திருத்திக்கொண்ட பிறகு ஆபா தொடங்குவதே நல்லது என்று நான் சொல்லிவருகிறேன். ஆதாரில் பாலினத்தை ஒரு முறை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எதைப் பதிவது என்று அவசரமில்லாமல் முடிவெடுக்க வேண்டும்.

மருத்துவர் அவர்களே, காணொளி ஆலோசனையில் பெயர் சொல்லாமல் பேச முடியுமா?

ஆற்காட்டு மருத்துவர்

முடியாது, அம்மா. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி நோயாளி, மருத்துவர் இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அடையாளத்தை மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றால், திரையில் பழைய பெயர் மின்ன வேண்டும் என்று பொருள் இல்லை. பதிவேட்டில் சட்டப் பெயரும் அழைக்கும் பெயரும் தனித்தனியாக இருக்கலாம். தொலைபேசி வழி உதவி மையங்களில் குரலை வைத்து "சொல்லுங்க சார்" என்று தொடங்குவதும் இதே வகைப் பிழை. எஸ்ட்ரோஜன் குரலை மாற்றாது என்பதைப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி தீரும்.

நானி கேட்ட அறைச் சிக்கலுக்கு என் யோசனை: காணொளி அழைப்பை வீட்டில் எடுக்க வேண்டாம். களப்பணித் திட்டத்தின் இளைப்பாறு மையத்தில் கதவுள்ள ஓர் அறையும், அந்த அறைக்கென ஒரு கருவியும் வைத்தால் போதும். பட்டன் போன் அக்காவும் அங்கே வந்து பேசலாம்; ஆய்வில் அவரும் சேர்வார். செலவை ஆய்வுக் குழு ஏற்கட்டும்.

இன்னொரு செய்தி, நம் ஊர்க்காரர்கள் பலர் மறந்துவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது வேலூரில்தான். 1986-இல் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த குருதி மாதிரிகளை இங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து பரிசோதித்தார். ஆறில் தொற்று தெரிந்தது. நாட்டின் எச்.ஐ.வி. திட்டம் முழுவதும் அந்த ஆறு குழாய்களிலிருந்து தொடங்குகிறது. அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியதோ 2004 ஏப்ரலில். இரத்தம் கொடுத்த பெண்களுக்கும் மருந்துக்கும் நடுவே 18 ஆண்டுகள். அந்தக் கண்டுபிடிப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை; அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆய்வு முடிந்த மறுநாள் பங்கேற்பாளருக்கு என்ன கிடைக்கும் என்று இவ்வூரில் கேட்பது மிகை ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வு மாணவி

மறுநாள் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். 2021-இல் ஐதராபாத்தில் திருநங்கையருக்காகத் தொடங்கப்பட்ட மித்ர் மருத்துவமனையும், அதைத் தொடர்ந்து வந்த மற்ற மித்ர் மையங்களும், அமெரிக்க நிதி நிறுத்தப்பட்டதால் 2025 தொடக்கத்தில் மூட வேண்டியதாயிற்று. நல்ல சேவை, நல்ல பெயர், எல்லாம் இருந்தும் பணம் நின்றதும் கதவு மூடியது. ஆகவே நிதி எந்த மாதத்தில் தீருகிறது, அதன்பிறகு சேவையகத்துக்கு யார் வாடகை கட்டுவார், கட்டாவிட்டால் தரவு அழிக்கப்படுமா அல்லது வேறு யாருக்காவது கைமாறுமா, ஹார்மோன் ஆலோசனையில் பாதியில் நிற்பவர்களை எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதை இன்றே எழுத்தில் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கீழ்வழித்துணையான்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இத்தனை நிபந்தனை போட்டால் எந்த ஆய்வுக் குழு வரும்? வருகிறவர்களையும் விரட்டிவிட்டுப் பிறகு எங்களைப் பற்றி ஆய்வே இல்லை என்று புலம்புவதா?

ஆம்பூர் நானி

வரட்டும், வராமல் போகட்டும் தம்பி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எங்களை 22,364 பேர் என்று எழுதினார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னாள். எழுதினவர் எங்கள் தெருவுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. தப்பான எண்ணிக்கையோடு இத்தனை காலம் வாழ்ந்தாயிற்று. சரியாக எண்ணத் தெரிந்தவர் வரும்வரை இன்னும் கொஞ்சம் பொறுப்பது பெரிதல்ல. கதவுள்ள அறை, நினைவூட்டலில் மருந்தின் பெயர் வேண்டாம், ஆபத்து என்றால் கூப்பிட ஒரு மருத்துவர்: இவை கேட்கக் கூடாத விலையா?

பாலாற்றங்கரை மகள்

குழு அனுப்பிய ஒப்புதல் படிவம் இன்று வந்தது. வழக்குரைஞரும் மாணவியும் பார்ப்பதற்காக அதை மன்றத்தின் கோப்புப் பகுதியில் ஏற்றியிருக்கிறேன். நெறிமுறைக் குழுவின் விவரம் இருக்கிறது. விலகும் உரிமை இருக்கிறது. பாலினத்துக்கு இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். உறுப்புப் பட்டியல் கேட்கவில்லை. மருத்துவர் யார் என்பதற்கு "தகுதியான மருத்துவர்" என்று மட்டும் எழுதியிருப்பதால், பெயரும் அழைப்பு நேரமும் கேட்டுப் பதில் அனுப்பிவிட்டேன். செயலியின் கோப்பை நிரலருக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். காணொளி அறைக்கான செலவைப் பற்றி அடுத்த வாரம் சொல்வதாக இருக்கிறார்கள்.

நான்காம் பத்தியில் "ஆய்வு நோக்கங்களுக்காகத் தரவு பங்குதாரர்களுடன் பகிரப்படலாம்" என்று ஒரு வரி நிற்கிறது. பங்குதாரர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், எதுவரை வைத்திருப்பார் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு எழுத்தில் பதில் வரும்வரை யாருடைய கைப்பேசி எண்ணையும் தருவதாக இல்லை.